நோயாளி இல்லாத ஊரில் டொக்டரின் பில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில், கடன் கொடுக்கிற எங்கள் ஊர் ஐக்கிய நாணய சங்கம் ஒரு நோயுதவி நிதியைத் தொடங்கியது. எங்களுடையது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்கிற ஊர். அங்கத்தவர்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டுவார்கள். அரசாங்கம் அதன்மேல் ஓர் உதவிப்பணம் சேர்க்கும். வீட்டில் யாருக்காவது நோய், வருத்தம் என்றால் டொக்டருக்கு ஆள் அனுப்பலாம். கையில் காசு வேண்டியதில்லை. டொக்டர் மாத முடிவில் சங்கத்துக்குப் பில் அனுப்புவார், சங்கம் கட்டும். நான் அப்போது பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் நிதிக்குக் காரியதரிசியாகவும் என்னையே போட்டார்கள். சம்பளம் இல்லை. கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை உண்டு.

டொக்டர் வன்னியில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து, காய்ச்சலில் தானும் பல தடவை விழுந்து எழும்பி, அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். உயரமானவர், மெலிந்தவர், தொப்பி போட்டுச் சைக்கிளில் திரிவார். சந்திக்கருகே வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து முன்னறையை மருந்தகமாக்கியிருந்தார். மூத்த மகளை உடுவிலில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். கைராசிக்காரர் என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஆனால் வாய் பொல்லாதது. நோயாளியை ஏசிப் பேசுவார், நோயாளியைப் பார்க்க வந்தவரைப் பேசுவார், நோயாளிக்குக் கஞ்சி வைத்த பானையையும் பேசுவார்.

நாலைந்து மாதம் போனதும் டொக்டரின் பில் நிதியின் வரவைத் தாண்டியது. பட்டணத்து அரசாங்கக் கந்தோரிலிருந்து மேற்பார்வை உத்தியோகத்தர் ஒருவர் வந்து சங்கத்து மேசையில் தொப்பியை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"டொக்டர் போனனெண்டு எழுதுறார். நீங்கள் போனவரெண்டு நம்பிக் குடுக்கிறியள். இடையிலை ஆர் பாத்தது? ஆராவது பாக்கிற ஒழுங்கு வரும்வரைக்கும் உதவிப்பணம் நிக்கும்."

அவர் கேட்டது நியாயம். அதை யாரும் மறுக்கவில்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் பிழைத்தது.

சங்கத் தலைவர் மலாயாப் பென்சன்காரர். அங்கே ரயில்வேயில் கணக்குப் பரிசோதனைப் பகுதியில் இருந்தவர். வெள்ளை வேட்டி, மேலே கோட்டு, கையில் குடை. வெயிலுக்கு விரிப்பதைவிட ஆட்களைச் சுட்டிக்காட்டுவதற்கே அந்தக் குடை அதிகம் பயன்பட்டது.

"மலாயாவிலை என்ரை பகுதியிலை டிக்கட் இல்லாமல் ஒரு கோழி ரயிலேறேலாது," என்றார். "இது சின்ன விசயம். பில்லிலை இருக்கிற வீடெல்லாம் போவம். வருத்தம் இருந்ததோ, டொக்டர் வந்தவரோ எண்டு கேப்பம். ஓமெண்டால் காசு. இல்லையெண்டால் டொக்டர் வேறை ஊர் பாக்கட்டும்."

அடுத்த நாளே தொடங்கினோம். அவர் முன்னால் நடந்தார், நான் பென்சிலோடு பின்னால் போனேன்.

முதல் வீடு புகையிலைத் தோட்டக்காரர் ஒருவருடையது. வாசல் படலையிலே எங்களைக் கண்டதும் சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார். இரண்டு கதிரை வந்தது. நாங்கள் கேட்காமலே கோப்பி வந்தது, பின்னால் பயற்றம்பணியாரமும் வந்தது. தலைவர் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்டார்.

"இஞ்சையோ?" என்றார் தோட்டக்காரர். "இஞ்சை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமுமில்லை ஐயா. நல்ல சுகமாயிருக்கிறம்."

"உங்கடை வீட்டை ரண்டு தரம் வந்தனெண்டு டொக்டர் எழுதியிருக்கிறார்."

"றோட்டாலை எத்தினை பேர் போகினம் வருகினம். நான் ஆரையெண்டு பாக்கிறது?"

உள்ளே யாரோ இருமினார்கள். நீளமான, நெஞ்சைப் பிடிக்கிற இருமல். தலைவர் தலையைத் திருப்பினார்.

"ஆடு," என்றார் தோட்டக்காரர். "பனி ஒத்துக்கொள்ளுதில்லை."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் "இல்லை" என்று எழுதினேன்.

அடுத்த வீட்டில் யன்னல் திண்டில் மருந்துப் போத்தல் ஒன்று நின்றது. வேளைக்கு வேளை எவ்வளவு குடிக்கவேண்டும் என்று காட்டுவதற்காக டொக்டர் பக்கவாட்டில் ஒட்டுகிற வெட்டுக் கடதாசி அதில் அப்படியே இருந்தது. சிவப்பு மருந்து பாதிக்கு இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "சாயம்," என்றார். "சீலைக்குப் போடுறது." அந்த வீட்டிலும் கோப்பி கிடைத்தது, கூடவே கொழுக்கட்டையும்.

மூன்றாவது நாள், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவர் இல்லை. மனைவி கதவு நிலையருகே நின்று பேசினார். மற்ற வீட்டாரைப் போல அவர் சுருக்கமாக மறுக்கவில்லை.

"எங்கடை பகுதியிலை வருத்தமெண்ட கதையே இல்லைப் பாருங்கோ. என்ரை ஐயா செத்தது எண்பதுக்கு மேலை. அதுவும் தென்னையிலையிருந்து விழுந்து. அம்மா கடைசிவரைக்கும் கண்ணாடி போடேல்லை. பிள்ளையளுக்கு ஒரு தடிமன்கூட வந்ததில்லை. மூத்தவள் விடியப்பறம் எழும்பித் தலைமுழுகித்தான் மற்ற வேலை. சமையல், தையல், எல்லாம் அவள்தான்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, தலைவரிடம் கேட்டார்: "தம்பி கொழும்பிலை சுகமாயிருக்கிறாரோ?"

தலைவரின் தங்கை மகன் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சோதனை பாஸ்பண்ணி, பென்சன் உள்ள உத்தியோகம் எடுத்து, இன்னும் கலியாணம் ஆகாதவன். எங்கள் ஊரில் அந்த வருடம் பெண் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் அவனைப் பற்றிப் பேசாமல் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் வெளித்தது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச வருமுன்னே ஆள் விட்டு விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். காணி எவ்வளவு, நகை எவ்வளவு என்பதெல்லாம் பிறகு வரும். முதலில் குடும்பத்தில் இளைப்பு உண்டோ, வலிப்பு உண்டோ, தோல் நோய் உண்டோ என்று பார்ப்பார்கள். கொழும்புக் கிளாக்கரின் மாமன், கோட்டுப் போட்டு, கையில் குடையோடு, பின்னால் எழுதுவதற்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, வீடுவீடாய்ப் போய் "உங்கடை வீட்டிலை வருத்தம் ஏதும் உண்டோ" என்று கேட்டால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்? பணியாரம் சும்மா வரவில்லை.

ஒழுங்கையில் இறங்கியதும் தலைவரிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"நீர் பத்திரிகைக்காரன். உமக்கு எல்லாத்திலையும் கதை தெரியும். என்ரை தங்கச்சியின்ரை பெடியனுக்குப் பெண் பாக்கிறதெண்டால் நான் உப்பிடிப் புழுதிக்குள்ளாலை நடந்தோ போவன்? கார் பிடிச்செல்லோ போவன்."

"அது உங்களுக்குத் தெரியும் ஐயா. அவைக்குத் தெரியாதே."

"மூண்டு நாளிலை ஒரு வீடும் ஓமெண்டு சொல்லேல்லை. சனம் முழுக்கப் பொய் சொல்லுதெண்டு சொல்லுறீர். டொக்டர் ஒருதர் பொய் சொல்லுறாரெண்டு நான் சொல்லுறன். எது லேசு?"

கணக்குப் பரிசோதகராக அவர் சொன்னது சரி. மாத முடிவுக்குள் பில்லில் இருந்த எல்லா வீடும் பார்த்து முடிந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்பது எழுத்தில் உறுதியாயிற்று. தலைவர் பொதுக்கூட்டம் கூட்டினார். பில்லைத் திருப்புவது, டொக்டரை நிதியிலிருந்து நீக்குவது என்று தீர்மானம் ஒன்றும் எழுதி வைத்தார்.

கூட்டத்துக்கு முந்தினநாள் மாலை டொக்டரிடம் போனேன். மேசையில் பிஞ்சு நெல்லிக்காய் அளவில் மாத்திரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ரண்டு மூண்டு வீட்டின்ரை விவரத்தைச் சொல்லுங்கோ," என்றேன். "எந்த அறை, ஆர் படுத்திருந்தது, என்ன வருத்தம். நான் போய்க் கேட்டால் அவையாலை மறுக்கேலாது."

"கூட்டத்திலை சொல்லவோ?"

"வேறை வழியில்லை."

"எட தம்பி, இருமுற பெட்டை எந்த வீட்டுப் பெட்டையெண்டு நான் சபையிலை சொல்லுறதோ? அவளுக்கு அது இன்னும் ஒரு மாதத்திலை சுகம் வந்திடும். ஊர் வாயிலை விழுந்தால் கிழவியாகினாலும் சுகம் வராது." மாத்திரையைத் தட்டில் வைத்தார். "என்னைக் கள்ளனெண்டு சொல்லட்டும். நான் கலியாணம் முடிச்சிட்டன்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தார். சிரிக்கவில்லை. "கலியாணம் முடிச்சவையும் இஞ்சை இருக்கினம்," என்றார். "திரும்ப வன்னிக்குத்தானெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தாலை மறிக்க வேணும். கள்ள பில் எழுதினவரெண்டு பேர் வந்தால் வன்னியிலையும் ஆர் கூப்பிடப் போகினம்?"

டொக்டர் திரும்பவும் மாத்திரை உருட்டத் தொடங்கினார். நான் எழும்பி வந்துவிட்டேன்.

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாங்குகள் நிரம்பி, சிலர் யன்னலில் ஏறி இருந்தார்கள். டொக்டர் முன்வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைவர் எழுந்து, போன வீடுகள், கேட்ட கேள்வி, கிடைத்த பதில் என்று ஒழுங்காக வாசித்தார். குரலில் கோபம் இல்லை. முடித்துவிட்டு டொக்டரிடம் கேட்டார்:

"சொல்ல ஏதும் உண்டோ?"

"போன வீடுகளுக்குத்தான் பில் அனுப்பினனான்," என்றார் டொக்டர். "அதுக்கு மேலை சொல்லுறதுக்கில்லை."

எனக்குத் தெரிந்து டொக்டரின் மருந்து குடித்தவர்கள் வரிசை வரிசையாய் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தீர்மானத்தை யாராவது ஆமோதிக்கிறீர்களா என்று தலைவர் கேட்டார்.

ஆட்டுக்கு இருமல் என்று சொன்ன புகையிலைத் தோட்டக்காரர் எழும்பினார்.

"நான் ஆமோதிக்கிறன். இவர் சங்கத்து டொக்டராயிருக்கத் தகுதியில்லாதவர். ஆள் விட்டால் உடனை வாறதில்லை. போன மாதம் விடிய ஆள் விட்டனான், உச்சி வெய்யிலுக்குத்தான் சைக்கிள் படலையடிக்கு வந்தது. வந்தவர் வந்த வேலையைப் பாக்கிறதை விட்டிட்டு, புகையிலையை ஏன் படுக்கிற அறைக்குள்ளை காயத் தூக்கினனீ எண்டு என்னைப் பேசினவர். என்ரை வீடு, என்ரை புகையிலை. நான் எங்கை தூக்கினால் இவருக்கென்ன?"

திருப்தியோடு உட்கார்ந்தார். உடனே வேறொருவர் எழும்பினார்.

"உங்களைப் புகையிலைக்குத்தானே பேசினவர். என்னை, கிணத்தடியிலை மாட்டுக்கொட்டில் கட்டினதுக்கு மாட்டுக்கு முன்னாலை வைச்சுப் பேசினவர்."

"அது பறவாயில்லை," என்று யன்னலிலிருந்து ஒரு குரல். "எங்கடை வீட்டை தந்த சிவப்பு மருந்தை ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ. நாலு நாளைக்குச் சோறும் அந்த ருசிதான், வெத்திலையும் அந்த ருசிதான்."

அதன்பிறகு யாரையும் மறிக்க முடியவில்லை. ஒருவரின் மாமியாரை, கதைக்காமல் வாயைத் திறந்து நாக்கைக் காட்டச் சொன்னாராம். இன்னொருவரிடம் மிளகாய்த்தூளை நிறுத்தச் சொன்னாராம். நான் ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். முறைப்பாடு சொன்னவர்கள் எல்லோரும் பில்லில் இருந்த வீட்டுக்காரர்கள்.

தலைவர் குடையால் மேசையில் தட்டினார். கணக்கு ஒன்று தன் கண்முன்னே வேறு விதமாய்க் கூட்டப்படுவதைப் பார்ப்பவரின் முகம் அவருக்கு.

"பொறுங்கோ. நீர், புகையிலைக்காரர். டொக்டர் உம்மடை வீட்டை வந்தவரோ?"

"வந்தபடியால்தானே பேசினவர்."

"வருத்தம் இல்லையெண்டு எனக்குச் சொன்னனீர்."

"ஓம். வருத்தமில்லை."

"வருத்தமில்லாத வீட்டுக்கு டொக்டரை ஏன் கூப்பிட்டனீர்?"

தோட்டக்காரர் சற்று யோசித்தார். "கூப்பிடேக்கை இருந்தது. இவர் வந்து சேரமுதல் தானாய் மாறிட்டுது."

"அப்ப கெட்டிக்கார டொக்டர்தானே," என்றது யன்னல். "சைக்கிளிலை ஏறினவுடனை சுகம்."

மண்டபம் சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை, ஆனால் தொப்பியை மடியில் திருப்பி வைத்தார். சிரிப்பு அடங்கியபோது தபாலதிபர் எழும்பினார். மனைவி சொன்ன கதையெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக, சபை மரியாதையோடு பேசினார்.

"தலைவர் அவர்களிட்டை ஒரு விளக்கம். உங்கடை மருமகனுக்குப் பெண் பாக்கிற அலுவல் முடிஞ்சுதோ? முடிஞ்சுதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நாங்களும் உண்மையைச் சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவம்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அத்தனை முகமும் தலைவரை நோக்கித் திரும்பியது.

தலைவர் உட்கார்ந்தார். பிறகு எழும்பினார். அவர் அப்படித் தடுமாறி நான் முன்னர் பார்த்ததில்லை. பேச்சு முற்றாகிய கலியாணத்தைக்கூட நாள் வைக்குமுன் வெளியில் விடமாட்டார்கள் எங்கள் ஆட்கள். விட்டால் கையெழுத்தில்லாத கடிதம் போகும், பேசியது குழம்பும். அந்தப் பயம் அவருக்கும் இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டொக்டரைப் பார்த்தார். டொக்டர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடிகாமத்துப் பக்கத்திலை முற்றாக்கியாச்சு," என்றார் தலைவர். "நாள்தான் வைக்கேல்லை. தங்கச்சி இதைக் கேள்விப்பட்டால் என்னைப் படலைக்குள்ளை விடமாட்டா. ஒருதரும் மொட்டைக் கடிதம் எழுதிப்போடாதையுங்கோ."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அதில் பாதி ஏமாற்றம், பாதி ஆறுதல். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப கேக்கிறன். ஆருக்கு, என்ன வருத்தமெண்டு எனக்கு வேண்டாம். டொக்டர் வந்த வீடெல்லாம் கையை உயத்துங்கோ."

முதலில் தபாலதிபர் உயர்த்தினார். பிறகு யன்னல். பிறகு வாங்கு வாங்காகக் கைகள் எழும்பின. தோட்டக்காரர், தான் ஆமோதித்த தீர்மானத்தை மறந்து, எல்லோரிலும் உயரமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பில்லை வைத்துக்கொண்டு வீடுகளைச் சரிபார்த்தேன். வெளியூர் போயிருந்த ஓரிருவரைத் தவிர எல்லா வீடும் சரி. தலைவர் அங்கேயே பில்லில் கையெழுத்திட்டார். தீர்மானத்தை நான்காய் மடித்துக் கோட்டுப் பையில் போட்டார்.

ஆனால் கணக்குப் பரிசோதகர் கணக்குப் பரிசோதகர்தான். டொக்டர் போனது உறுதி, பில் ஏன் நிதியைத் தாண்டியது என்பதற்கு அது பதிலாகாது என்று அடுத்த வாரமே தலைவர் சொன்னார். இந்தமுறை வீடுவீடாய்ப் போகவில்லை. பட்டணத்திலிருந்து வயதான டொக்டர் ஒருவரை வரவழைத்து, எங்கள் டொக்டரோடு கதவைச் சாத்திக்கொண்டு பில்லைப் பார்க்க விட்டார். வருத்தத்தின் விவரம் இரண்டு டொக்டர்மாருக்குள் நின்றது. கதவைத் திறந்து வெளியே வந்த பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பொய் ஒண்டுமில்லை," என்றார். "ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருக்காப் போய் ஆறு பேருக்குப் பில் போட்டிருக்கிறார்."

"நான் என்ன செய்யிறது?" என்றார் எங்கள் டொக்டர். "ஒருதருக்குக் காய்ச்சலெண்டு கூப்பிடுவினம். போனால், வந்தனீங்கள்தானே, இவரையும் ஒருக்காப் பாருங்கோ எண்டு மாமா நாக்கை நீட்டுவார். மாமி கையை நீட்டுவா. அடுத்த வளவிலையிருந்து வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து ஒருதர் வருவார். பாத்தால் வேலைதானே. வேலைக்குக் கூலி இல்லையோ?"

அங்கேதான் பணம் போயிருந்தது. களவு என்று சொல்ல முடியாது, ஆனால் நிதி தாங்காது. ஒரு வீடு, ஒரு போக்கு, ஒரு கட்டணம். மருந்து கொடுக்க வேண்டி வந்தால் மட்டும் அந்த மருந்துக்குத் தனி என்று விதி எழுதினோம். டொக்டர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு விதியைத் தானே நடத்தத் தொடங்கினார். படலைக்குள் சைக்கிளை விடும்போதே, "இண்டைக்கு ஆரின்ரை நாக்கு?" என்று கேட்பார். மற்ற நாக்குகளை மருந்தகத்துக்கு வரச் சொல்வார்.

வீடுகளைச் சரிபார்க்கத் தலைவர் வேறு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்கத்துக் கட்டிடத்தில் உட்கார்ந்து டொக்டரைப் பற்றிய முறைப்பாடு கேட்பது என்று அறிவித்தார். வருத்தம் எது என்று கேட்பதில்லை. மருந்து கசப்பா, டொக்டர் பிந்தினாரா, பேசினாரா என்று மட்டும் கேட்பார். சனம் வரிசையில் வந்தது. பில்லும் முறைப்பாடும் அநேகமாக ஒத்துப்போகும். முறைப்பாடே வராத வீடு பில்லில் இருந்தால்தான் தலைவர் கண்ணாடியைத் துடைப்பார். மேற்பார்வை உத்தியோகத்தர் ஒரு ஞாயிறு வந்து கடைசி வாங்கில் இருந்து கேட்டார். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு, வெளியே வந்து, "இப்பிடி ஒரு கணக்குப் பரிசோதனையை நான் எந்தச் சங்கத்திலையும் காணேல்லை," என்றார். பாராட்டா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் உதவிப்பணம் வந்தது.

சில கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிறு வரிசையின் கடைசியில் டொக்டரின் மனைவி நின்றார். தலைவர் எழும்பிக் கதிரை கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஒரு முறைப்பாடு இருக்கு," என்றார். "டொக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வாறதில்லை. கேட்டால் என்னையும் பேசுறார். இனி இந்த ஊரிலைதான் இருக்கப் போறமெண்டால் சங்கம் இதை விசாரிக்க வேணும்."

தலைவர் மிகவும் கவனமாகக் கேட்டார். என்னிடம் எழுதச் சொன்னார். பிறகு, இது எந்த வீட்டுப் பில்லோடு சேரும் என்று என்னிடம் மெல்லக் கேட்டார். இதற்குப் பில் இல்லை என்றேன்.

"அப்ப டொக்டரை வரச் சொல்லும்," என்றார். "பில் இல்லாத முறைப்பாட்டைச் சங்கம் நேரடியாய்த்தான் விசாரிக்க வேணும்."